வீடு மாறலாம்... குழந்தையின் நேரம் மாறலாமா?

"அடுத்த மாசம் வீடு மாறுறோம்" என்று முடிவான உடனே வீட்டில் என்னவெல்லாம் நடக்கிறது? புரோக்கருக்கு போன், அட்வான்ஸ் பணத்துக்கு அலைச்சல், டெம்போ வாடகையில் பேரம், பழைய பேப்பர்காரரிடம் தராசுச் சண்டை! பீரோ சாவி எங்கே, கேஸ் புத்தகம் எங்கே என்று பெரியவர்கள் பறந்துகொண்டிருக்கும்போது, ஐந்து வயசுக் குழந்தை மெதுவாகப் பக்கத்தில் வந்து கேட்கும்: "அம்மா, மாடிக்கு வர்ற பூனை அந்த வீட்டுக்கும் வருமா?"

"போய் விளையாடு, தொந்தரவு பண்ணாதே" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த மூட்டையைக் கட்டப் போய்விடுகிறோம். அந்தக் கேள்விக்குள் இருக்கும் பயம் நம் காதில் விழுவதே இல்லை.

நமக்கு வீடு என்றால் வாடகை, தண்ணீர் வசதி, பஸ் ஸ்டாப். குழந்தைக்கு வீடு என்றால் தூங்கும் மூலை, ஜன்னலில் தெரியும் மரம், சாயங்காலம் கூப்பிடும் அடுத்த வீட்டுத் தோழன். ஒரே நாளில் இத்தனையும் போகிறது. அதோடு சாப்பாட்டு நேரம், தூக்க நேரம், மருந்து நேரம் எல்லாம் குழம்புகிறது. வீடு மாறிய பத்து நாளைக்குள் "சாப்பிட மாட்டேங்குறான், ராத்திரி எழுந்து அழறான், வயிறு சரியில்லை" என்று டாக்டரிடம் ஓடும் குடும்பங்கள் எத்தனை!

இதைத் தவிர்க்க முடியாதா? பெரும்பாலும் முடியும். மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வீட்டை மாற்றுங்கள், ஆனால் குழந்தையின் நேரத்தை மாற்றாதீர்கள். ஏழு மணிக்கு எழுந்து, ஒரு மணிக்குச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்குக் கதை கேட்டுத் தூங்கும் குழந்தை, புது வீட்டிலும் அதே நேரத்தில் அதைச் செய்தால், சுவர் மாறியது அதற்குப் பெரிய விஷயமாகத் தெரியாது. மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இதற்குத் துணைதான்.

எந்த மாதத்தில் மாறலாம்?

ஆடியில் குடிபோகக் கூடாது, மார்கழியில் கூடாது என்று பெரியவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பார்கள். அதோடு பள்ளிக்கூடக் காலண்டரையும் சேர்த்துப் பாருங்கள். நடுவருஷத்தில் பள்ளி மாறுவது எந்தக் குழந்தைக்கும் கஷ்டம். பரீட்சை முடிந்த கோடை விடுமுறையில் வரும் வைகாசி, பஞ்சாங்கத்துக்கும் பொருந்தும், பள்ளிக்கும் பொருந்தும். ஜூனில் பள்ளி திறப்பதற்கு ஒரு வாரமாவது முன்னால் புது வீட்டுக்குப் போய்விட்டால், புது வீடு, புதுப் பள்ளி என்ற இரண்டு மாற்றமும் ஒரே நாளில் குழந்தையின் தலையில் விழாது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அக்னி நட்சத்திரமும் மே மாதத்தில்தான். அதனால் சாமான் ஏற்றுவதைக் காலை ஆறு மணிக்கே ஆரம்பித்து பத்து மணிக்குள் முடிக்கப் பாருங்கள். உச்சி வெயிலில் குழந்தையைத் தெருவில் நிற்க வைத்துவிட்டு சாமான் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

தெரு மாறுவது வேறு, ஊர் மாறுவது வேறு. 1971 முதல் 1997 வரை டென்மார்க்கில் பிறந்த 14 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பதிவேடுகளைப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2016-ல் வெளியானது. சிறு வயதில் ஊர் விட்டு ஊர் மாறியவர்களுக்குப் பின்னாளில் மனநலச் சிக்கல்கள் கொஞ்சம் அதிகமாக இருந்தன, அதிலும் 12 முதல் 14 வயதுக்குள் மாறியவர்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது என்கிறது அது. வீடு மாறியதுதான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. பயப்படத் தேவையில்லை. ஆனால் "சின்னப் பிள்ளைக்குத்தான் கஷ்டம், பெரிய பையன் சமாளிச்சுக்குவான்" என்று நாம் நினைப்பது தப்புக் கணக்கு என்பது புரிகிறது அல்லவா? ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைக்குத்தான் நம் கவனம் அதிகம் வேண்டும்.

வீடு பார்க்கும்போதே குழந்தை உயரத்தில் பாருங்கள்

வாஸ்து பார்க்கிறோம், கிச்சன் மேடை பார்க்கிறோம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், ஒரு நிமிஷம் குனிந்து, உங்கள் குழந்தையின் உயரத்திலிருந்து அந்த வீட்டைப் பாருங்கள். கீழே சொல்லும் ஆறு விஷயங்களையும் கவனியுங்கள்.

1. சம்ப் மூடி. தரையடித் தண்ணீர்த் தொட்டிதான் நம் ஊர் வீடுகளில் கண்ணுக்குத் தெரியாத எமன். ஓட்டைப் பலகை, துருப்பிடித்த தகரம், மேலே ஒரு கல் என்று மூடியிருந்தால் அந்த வீட்டுக்கு அப்படியே குடிபோகாதீர்கள். பெரியவர் ஏறி நின்றாலும் தாங்கும் மூடி, அதற்கு ஒரு பூட்டு. இதைச் செய்து கொடுத்த பிறகுதான் சாவி வாங்குவோம் என்று ஓனரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

2. பால்கனி, மாடிப்படி, ஜன்னல் கம்பி. கம்பிகளுக்கு நடுவில் நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் சின்னக் குழந்தை நுழைந்துவிடும். குறுக்குக் கம்பி வைத்த கைப்பிடிச் சுவர் ஏணி மாதிரி. குழந்தை ஏறும். அதன் பக்கத்தில் நாற்காலியோ மோடாவோ போடவே கூடாது.

3. ஈரச் சுவர். புதிதாக வெள்ளையடித்த வீடு கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். பாத்ரூமை ஒட்டிய சுவரையும், அலமாரிக்கு உள்ளேயும் கையால் தடவிப் பாருங்கள். ஜில்லென்று ஈரமோ, கறுப்புப் பூசணமோ, மக்கிய வாசனையோ இருந்தால், வீசிங் உள்ள குழந்தைக்கு அந்த அறை ஆகாது. பூசணத்தின் மேல் பெயிண்ட் அடித்தால் மூன்று மாதத்தில் திரும்பி வரும். முதலில் நீர்க்கசிவை அடைக்க வேண்டும்.

4. பழைய பெயிண்ட். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த ஜன்னல், கதவு, கிரில் பெயிண்டில் காரீயம் இருக்கலாம். உரிந்து விழும் பெயிண்ட்டையும் அதன் தூளையும் தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். காரீயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது. பழைய பெயிண்ட்டைக் காய்ந்தபடியே உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்க வேண்டாம், நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அங்கே இருக்கக் கூடாது.

5. மின்சாரம். மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் தானாக அணையும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் இருக்கிறதா? அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் கரன்ட் போக வேண்டும். தரையை ஒட்டி இருக்கும் பிளக் பாயின்டுகளுக்கு மூடி போடுங்கள்.

6. கேஸ் கீசர். பாத்ரூமுக்கு உள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருந்தால் அதை வெளியே மாற்றச் சொல்லுங்கள். காற்றுப் போக்கு இல்லாத அறையில் அது எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும்.

ஓனரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சமா? தமிழ்நாட்டில் 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், கட்டடப் பழுது, குழாய் மாற்றுவது, ஒயரிங் பராமரிப்பு எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. கையெழுத்துப் போடும் முன்பு கேட்டால்தான் காரியம் நடக்கும். குடிவந்த பிறகு கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும்!

குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

ரகசியமாக வைத்திருந்து, லாரி வந்து நிற்கும்போது சொல்வதுதான் மிக மோசமான வழி. வயசுக்கு ஏற்றபடி சொல்ல வேண்டும்.

மூன்று வயசுக்குள் இருக்கும் குழந்தைக்கு வார்த்தை பெரிதாகப் புரியாது. அதற்குப் புரிவது வாசனை, சத்தம், தொடுகை. அதன் தலையணை உறை, போர்வை, பொம்மை எதையும் "புது வீட்டுக்குப் புதுசு" என்று மாற்றாதீர்கள். துவைக்கக்கூட வேண்டாம். பழைய வாசனையோடு போகட்டும்.

மூன்று முதல் ஆறு வயசுக்காரர்கள் மனசுக்குள் ஏதேதோ கற்பனை செய்வார்கள். "நான் சுவத்துல கிறுக்கினேன், அதனாலதான் வீட்டை விட்டுப் போகச் சொல்றாங்க" என்று நினைக்கும் குழந்தைகள் உண்டு. "உன்னாலே இல்லடா கண்ணா, அப்பா ஆபீஸ் அங்க பக்கம்" என்று காரணத்தை நேராகச் சொல்லுங்கள். பூனை வருமா என்று கேட்டால் "வராது, அது இந்தத் தெருப் பூனை. அங்க என்ன இருக்குன்னு நாம போய்ப் பார்க்கலாம்" என்று உண்மையைச் சொல்லுங்கள். வரும் என்று பொய் சொன்னால், அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் அது நம்பாது. ஒரு வாரம் முன்பே ஒருமுறை கூட்டிப் போய்ப் புது வீட்டைக் காட்டுங்கள். அது படுக்கப்போகும் இடத்தை அதையே தேர்வு செய்யச் சொல்லுங்கள்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வயசு என்றால் வேலை கொடுங்கள். தன் புத்தகம், விளையாட்டுச் சாமான்களைத் தானே பெட்டியில் அடுக்கி, மேலே தன் பெயரைத் தானே எழுதட்டும். எதைத் தூக்கிப் போடுவது, எதை வைத்துக்கொள்வது என்பது அவர்கள் முடிவு. அவர்களுக்குத் தெரியாமல் உடைந்த பொம்மையைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நமக்குக் குப்பையாகத் தெரிவது அவர்களுக்குப் பொக்கிஷமாக இருக்கும்.

பதின்வயதுப் பிள்ளைக்கு நண்பர்கள்தான் உலகம். "அங்கேயும் ஃபிரெண்ட்ஸ் கிடைப்பாங்க" என்ற ஆறுதல் எரிச்சலைத்தான் கிளப்பும். "உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், தெரியுது" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். கோபப்பட்டால் கோபப்படட்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய தெருவுக்குப் போய்வர பஸ் காசு கொடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

மூட்டை கட்டும் வாரம்

பரணை இறக்கினால் பல வருஷத் தூசி கிளம்பும். ஆஸ்துமா, அலர்ஜி உள்ள குழந்தையை அந்த நேரத்தில் பாட்டி வீட்டுக்கோ அடுத்த வீட்டுக்கோ அனுப்புங்கள். காய்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய மெத்தை, தலையணையை நல்ல வெயிலில் போட்டுத் தட்டி எடுத்துக் கட்டுங்கள்.

துணி மூட்டைக்குள் ரசகற்பூர உருண்டை போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. நாஃப்தலீன் என்ற பொருளால் செய்த உருண்டை அது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு பிறவியிலேயே உள்ள குழந்தைகளுக்கு இது ஆகவே ஆகாது. ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள்காமாலை வரும். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரியாமலே இருக்கும். கைக்குழந்தையின் துணியில் அந்த உருண்டையைப் போடவே வேண்டாம். மிட்டாய் என்று எடுத்து வாயில் போடும் ஆபத்தும் இருக்கிறது.

ஆசிட், ஃபினாயில், கெரசின், பூச்சி மருந்து. இவற்றைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். மிச்சம் இருப்பதைப் புது வீட்டுக்குச் சுமந்து போகவும் வேண்டாம். குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் விரலை விட்டோ, உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட் உள்ளே போனபோது ஒருமுறை சுடும், வெளியே வரும்போது மறுமுறை சுடும். கெரசின் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது 108-க்கு போன் செய்யுங்கள்.

இன்னொன்று, பட்டன் பாட்டரி. பழைய பொம்மை, ரிமோட், கடிகாரத்தைக் கழற்றும்போது தரையில் உருண்டு ஓடும். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். "தானா வெளியே வந்துடும்" என்று காத்திருக்கக் கூடாது. அப்போதே ஆஸ்பத்திரி.

பால் காய்ச்சும் நாளும் லாரி வரும் நாளும்

விடியற்காலை முகூர்த்தத்தில் பால் காய்ச்சிவிட்டு, அதே நாளில் சாமானையும் இறக்கினால், மூன்று மணிக்கு எழுப்பிய குழந்தை ராத்திரி வரை தூங்க இடமில்லாமல் சிணுங்கும். பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நல்ல நாளில் சாமிப் படம், விளக்கு, உப்பு, பருப்பு, நிறைகுடம் வைத்துப் பால் காய்ச்சிவிட்டு, சாமானை இரண்டு நாள் கழித்துக் கொண்டுபோவது பல குடும்பங்களில் உள்ள வழக்கம்தான். சம்பிரதாயமும் குறையாது, குழந்தையின் தூக்கமும் கெடாது. பால் பொங்கும்போது குழந்தை பார்க்கட்டும், கிட்டே மட்டும் விடாதீர்கள். கொதிக்கும் பால் கொட்டினால் ஆறாத வடு. அப்படிப் பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ், இங்க், பற்பசை எதுவும் போடாதீர்கள்.

லாரி வரும் நாளில் நாலு வயசுக்குள் இருக்கும் குழந்தைக்கு அங்கே வேலை இல்லை. தெரிந்த பாட்டியோ, அத்தையோ, சித்தியோ கூட இருக்கட்டும். சாமான் ஏற்ற வாசல் கதவும் கேட்டும் திறந்தே கிடக்கும். பீரோவை நகர்த்துவார்கள். லாரி பின்னால் வரும். 'யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்' என்று எல்லோரும் நினைத்தால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒருவர் பெயரைச் சொல்லி, "இன்னிக்கு உன் வேலை குழந்தை மட்டும்தான்" என்று ஒப்படையுங்கள்.

அன்றைக்கு ஹோட்டல் பொட்டலம் வேண்டாம். முந்தின ராத்திரியே இட்லி வேகவைத்து மிளகாய்ப்பொடி தடவி வையுங்கள், அல்லது புளிசாதம் கிளறுங்கள். தயிர் சாதம் மே மாத வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். பழக்கப்பட்ட குடிதண்ணீர் இரண்டு நாளுக்கு 20 லிட்டர் கேனில் கூடவே வரட்டும். ஒரு மணிக்குச் சாப்பிடும் குழந்தை ஒரு மணிக்குச் சாப்பிட வேண்டும், லாரி எங்கே நின்றாலும் சரி.

கேஸ் சிலிண்டரைப் படுக்க வைத்து ஏற்றக் கூடாது, நிமிர்த்தியே வர வேண்டும். ரப்பர் ஹோஸுக்கு ஐந்து வருஷம்தான் ஆயுசு. கெடு தாண்டியிருந்தால் புது வீட்டில் புது ஹோஸ் போடுங்கள். கேஸ் வாசனை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்கு போன் செய்யுங்கள்.

லாரியில் போகக் கூடாதவை (அம்மாவின் கைப்பைக்கு மட்டும்!)

* தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், பள்ளி டி.சி., பழைய மருந்துச் சீட்டுகள்
* தினமும் சாப்பிடும் மருந்து ஒரு வாரத்துக்கு, வீசிங் குழந்தையின் இன்ஹேலர், ஸ்பேசர்
* குழந்தையின் எடைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர்
* ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு, பேண்டேஜ் துணி
* பழைய டாக்டரின் போன் நம்பர், புது வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி விலாசம்
* குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை. இதைத் தொலைத்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது!

முதலில் பிரிக்க வேண்டிய மூட்டை எது?

"சமையல் சாமான்தான்" என்பீர்கள். இல்லை! குழந்தையின் படுக்கை மூட்டை. சாமான் இறங்கிய உடனே ஒரு அறையைக் கூட்டித் துடைத்து, ஃபேன் ஓடுகிறதா பார்த்து, கொசுவலை கட்டி, அதன் பாயையோ மெத்தையையோ பழைய வீட்டில் எந்தப் பக்கம் தலை வைத்ததோ அந்தப் பக்கமே விரித்துவிடுங்கள். மற்ற மூட்டைகள் ஒரு வாரம் அப்படியே கிடந்தாலும் குடி முழுகிப் போகாது.

ராத்திரி ஒன்பது மணிக்கு, ஹாலில் மலையாகக் குவிந்திருக்கும் சாமானை மறந்துவிட்டு, வழக்கமான கதையைச் சொல்லித் தூங்க வையுங்கள். பாத்ரூம் எந்தப் பக்கம் என்று இருட்டிலும் தெரிகிற மாதிரி ஒரு சின்ன பல்பு எரியட்டும். உயரமான பீரோவையும் புத்தக அலமாரியையும் அன்றைக்கே சுவரோடு சேர்த்துக் கட்ட முடியாவிட்டால், அந்த அறைக் கதவைப் பூட்டிவிடுங்கள். இழுப்பறையை ஏணியாக்கி ஏறினால் பீரோ மேலே சாயும்.

தண்ணீரும் கொசுவும்

பூட்டிக் கிடந்த வீடு என்றால் சம்ப்பையும் மேல்தொட்டியையும் காலிசெய்து, தேய்த்துக் கழுவிய பிறகே தண்ணீர் ஏற்றுங்கள். நல்ல தரமான பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும். ஒரு பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்துக் கொடுங்கள். ஃபில்டர் மாட்டும் வரை மட்டுமாவது இதைச் செய்யுங்கள்.

இதையும் மீறி வயிற்றுப்போக்கு வந்தால், ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் தூள் என்று பிரித்துக் கலக்காதீர்கள். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். கண் குழிந்து, நாக்கு வறண்டு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல், சோர்ந்து கிடந்தால் உடனே டாக்டர்.

காலி வீட்டில் நமக்கு முன்னால் குடிவந்திருப்பது டெங்குக் கொசு! நல்ல தண்ணீரில்தான் அது முட்டையிடும். பூட்டிக் கிடந்த டாய்லெட் ஃபிளஷ் தொட்டி, மொட்டை மாடியில் முன்பிருந்தவர் விட்டுப்போன பூந்தொட்டித் தட்டு, உடைந்த வாளி, பழைய டயர் எல்லாம் அதற்கு அரண்மனை. முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டதும் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். அதனால் சும்மா கவிழ்த்தால் போதாது, உள்பக்கத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது, எல்லாப் பாத்திரத்தையும் காயவிடுங்கள். புது வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் "இடம் மாறின சூடு" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன் வாங்கிக் கொடுக்காதீர்கள். காய்ச்சல் விடும் நேரத்தில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு, அதிகச் சோர்வு தெரிந்தால் அதுதான் அபாயக் கட்டம்.

முதல் ஒரு மாதம்

படுக்கையில் சிறுநீர் போகாத குழந்தை மறுபடி போகலாம். விட்ட விரல் சூப்பும் பழக்கம் திரும்ப வரலாம். அம்மா முந்தானையை விடாமல் சுற்றலாம். அடிக்காதீர்கள், "இவ்வளவு பெரிய பையன்" என்று உறவுக்காரர்கள் முன்னால் கேலி செய்யாதீர்கள். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகும். அதற்கு மருந்து, நேரம் தவறாத சாப்பாடும் தூக்கமும், தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் உங்களோடு கைகோத்து ஒரு தெரு நடையும்தான். மளிகைக் கடை எது, பார்க் எது என்று குழந்தையே வழி சொல்லட்டும். வழி தெரிந்த இடம் பயம் போன இடம்.

ஆறு வாரம் தாண்டியும் சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைகிறது, பள்ளிக்குப் போக மாட்டேன் என்று தினமும் வயிற்றுவலி சொல்கிறது, பெரிய பிள்ளை அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். "செத்துப் போகலாம்" என்பது போலப் பிள்ளை பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்பதாவது மாதம், 16 முதல் 24 மாதம், 5 முதல் 6 வயது, 10 வயது, 16 வயது. வீடு மாறும் அமளியில் இவைதான் விட்டுப்போகும். எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போடுவார்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும், முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை.

பள்ளி மாறினால், பழைய பள்ளியில் டி.சி. வாங்கும்போதே 'எமிஸ்' நம்பரைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிட்டார்களா என்று கேளுங்கள். அதை மாற்றினால்தான் புதுப் பள்ளியில் பதிவு செய்ய முடியும். எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாற்றிக்கொள்ளும் குழந்தைக்கு டி.சி. வர தாமதமானது என்பதைக் காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரைப் பார்த்து, "புது ஊர், கொஞ்சம் பார்த்துக்கோங்க டீச்சர்" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அதே தெருவிலிருந்து போகும் ஒரு பிள்ளையோடு சேர்ந்து போக ஏற்பாடு செய்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

இத்தனையும் செய்ய நேரம் எங்கே என்று மலைக்காதீர்கள். பாத்திரம் அடுக்க ஒரு வாரம் தாமதமாகலாம். திரைச்சீலை அடுத்த மாதம் மாட்டலாம். உறவுக்காரர்களை வீடு பார்க்க அப்புறம் கூப்பிடலாம். சம்ப் மூடியும், குடிதண்ணீரும், குழந்தையின் தூக்க நேரமும் மட்டும் முதல் நாளே சரியாக இருக்கட்டும். பள்ளியிலிருந்து வந்த குழந்தை செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் நேராகத் தன் மூலைக்குப் போய் உட்காருகிறதா? அன்றைக்குத்தான் நீங்கள் உண்மையிலேயே குடிபோனீர்கள்.